விடத் தெரிந்த பூட்ஸ்

தனீலோ ஊரை விட்டுப் போனது ஒரு புதன்கிழமை. எழுபத்து நாலாம் வருடம், அக்டோபர் மாதம். மொந்தேபெல்லூனாவில் புதன்கிழமை என்றால் சந்தை. வண்டி நிற்கும் இடமெல்லாம் முட்டைக்கோசும் கோழிக்கூண்டும் நிறைந்திருக்கும். பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்க, ஒரு பாலாடைக்கட்டி வியாபாரி தன் தள்ளுவண்டியை நகர்த்த மாட்டேன் என்று நிற்க, அந்த அமளியில்தான் தனீலோ பெட்டியைத் தூக்கி மேலே போட்டான். வலது காலை முதலில் வைத்து, இடது காலை இழுத்து ஏற்றிக்கொண்டான். ஜெனோவாவில் கப்பல். அதற்கப்புறம் மெல்போர்ன். அங்கே ஒரு சித்தப்பா வீடுகளுக்குத் தரை போடுகிறார்.

அவன் அக்கா நீவெஸ் பஸ் ஜன்னலுக்குக் கீழே நின்றாள். கோட்டு எடுத்துக்கொண்டாயா என்று மூன்றாவது முறையாகக் கேட்டாள். அவன் குனிந்து பார்த்துச் சிரித்தான்.

"ஒண்ணு சொல்லட்டா நீவெஸ்? நீ வரைஞ்ச சோல் இருக்கே, பிடிச்சா விடாது. அருமையாப் பிடிக்குது."

பஸ் கிளம்பிவிட்டது. அவன் கேலியாகத்தான் சொன்னான், அவன் குணம் அது. ஆனால் நீவெஸ் சந்தைக்கு நடுவே, யாரோ கீரைக்கட்டை நீட்டுவதுகூடத் தெரியாமல், அப்படியே நின்றாள்.

அந்த ஊரில் பாதிப் பேர் பூட்ஸ் செய்கிறவர்கள். மீதிப் பேர் பூட்ஸ் செய்கிறவர்களுக்குச் சோறு போடுகிறவர்கள். நீவெஸ் ஒத்தோரீனோ என்பவரின் பட்டறையில் வரைபடக்காரி. பனிச்சறுக்கு பூட்ஸின் அடிப்பாகம், அதாவது சோல், அவள் மேசையில்தான் பிறக்கும். பெயரோ நீவெஸ், லத்தீனில் பனி என்று அர்த்தம். ஆனால் பனியில் நாலடி சறுக்கினால் விழுந்துவிடுவாள். தம்பி அதற்கு நேர் எதிர். பட்டறையின் புது பூட்ஸ் எல்லாவற்றையும் மலைக்குக் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்ப்பது அவன் வேலை. சரிவில் அவன் வளைந்து இறங்குவதைப் பார்த்தால் யாரோ பேனாவை எடுக்காமல் கையெழுத்துப் போடுவதுபோல இருக்கும்.

அப்படிப்பட்டவன் அந்த ஜனவரியில் நெவெகால் மலையடிவாரத்தில், சமதளத்துக்குப் பக்கத்தில், ஏறக்குறைய நின்றுவிட்ட வேகத்தில் விழுந்தான். வேகமாக விழுந்திருந்தால் கால் பிழைத்திருக்கும் என்றார்கள். பூட்ஸைச் சறுக்குப் பலகையோடு பூட்டி வைக்கிற இரும்புக் கவ்வி, கால் முறுகும்போது படாரென்று திறந்து காலை விட்டுவிட வேண்டும். அதற்குத்தான் அதற்குள் ஸ்பிரிங். அன்று அது திறக்கவில்லை. உடம்பு ஒரு பக்கம் திரும்பியது, நீளமான பலகை மறுபக்கம் நின்றது, நடுவில் இருந்த எலும்பு ஈரத்துணியைப் பிழிந்ததுபோல முறுகி உடைந்தது. கட்டுப் பிரித்தபோது இடது கால் ஒரு விரல் அளவு குட்டையாகியிருந்தது. இனி பனியில் கால் வைக்க மாட்டேன் என்று அவன் சொன்னபோது அதில் கேலி இல்லை.

எல்லாரும் கவ்வியைத்தான் குறை சொன்னார்கள். கவ்வி செய்த கம்பெனிக்காரர்கள் வந்து, கழற்றிப் பார்த்து, எண்ணெய் பூசி, ஒரு பழுதும் இல்லை என்று போய்விட்டார்கள். பட்டறையின் சோதனை மேசையும் அதையேதான் சொன்னது. அந்த மேசையில் முழங்காலுக்குப் பதிலாக ஒரு இரும்புத் தண்டு உண்டு. அதில் பூட்ஸை மாட்டி, பலகையின் கவ்வியில் பூட்டி, எடைக்கல் ஏற்றி அழுத்தி, திருக வேண்டும். எவ்வளவு விசையில் கவ்வி விடுகிறது என்று ஒரு முள் காட்டும். எந்தக் கோயிலிலும் முட்டி மடக்க மாட்டான் என்பதால் அந்தத் தண்டுக்குப் பட்டறையில் கம்யூனிஸ்ட் என்று பெயர். தினமும் காலையில் யாராவது "கம்யூனிஸ்ட் என்ன சொல்றான்?" என்று கேட்பார்கள். கம்யூனிஸ்ட் எல்லாம் சரி என்றே சொல்லிக்கொண்டிருந்தான். எலும்பு தாங்கும் எல்லையைக் காட்டும் சிவப்புக் கோட்டுக்கு வெகுமுன்பே கவ்வி திறந்துவிடும்.

தம்பியை பஸ் ஏற்றிவிட்டு வந்த நீவெஸ் வேலைக்குப் போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த விறகுக் கொட்டகைக்குப் போனாள். ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்த அவனுடைய இடது பூட்ஸ், கொடுத்த சாக்குப் பையிலேயே கிடந்தது. ஒன்பது மாதமாக வீட்டில் யாரும் அதைத் தொடவில்லை. அதைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே பட்டறைக்குப் போய், கோட்டைக்கூடக் கழற்றாமல், கம்யூனிஸ்டின் காலில் மாட்டினாள்.

எடையை ஏற்றித் திருகினாள். முள் ஏறியது. சிவப்புக் கோட்டைத் தொட்டது. தாண்டியது. இன்னும் திருகினாள். மேசையே ஒரு காலைத் தரையிலிருந்து தூக்கியது. கவ்வி திறக்கவில்லை.

பூட்ஸைக் கழற்றித் திருப்பிப் பார்த்தாள். அவள் வரைந்த சோல். டயரில் இருப்பதுபோல முன்னால் இருந்து பின்னால் வரை ஆழமான ரப்பர்ப் பட்டன்கள். நாலு மாதம் உட்கார்ந்து, ஒவ்வொரு பட்டனையும் ஈரப் பாறையில் வழுக்காத கோணத்தில் வரைந்திருந்தாள். அந்தப் பட்டன்களுக்கு நடுவே, வெள்ளையாக, பல்லில் மாட்டிய பாக்குபோல, சரளைக் கற்கள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

அது எந்தச் சரளை என்று யோசிக்கவே வேண்டியதில்லை. பியாவே ஆற்றுச் சரளை. எல்தாவின் மதுக்கடை முற்றத்தில் கொட்டி வைத்திருப்பது.

மலைக்குப் போகிற அன்று எல்தாவின் கடையில் நிற்காமல் அந்த ஊரில் யாரும் போனது கிடையாது. புது பூட்ஸைப் பையில் வைத்துக்கொண்டு போவதும் கிடையாது. காலில் மாட்டிக்கொண்டு, டொக்டொக்கென்று முற்றத்தில் நடந்து, நாலு பட்டறைக்காரர்கள் பார்க்கும்படி காலை நீட்டி உட்கார்ந்து, காபியில் கொஞ்சம் கிராப்பா சாராயம் ஊற்றிக் குடித்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். பூட்ஸைக் காட்டாமல் போனால் அதில் ஏதோ கோளாறு என்று பேச்சு வந்துவிடும். கம்யூனிஸ்ட் காலில் மாட்டியதெல்லாம் அச்சிலிருந்து அப்போதுதான் எடுத்த பூட்ஸ். அவன் ஒருநாளும் எல்தாவின் கடைக்குப் போனதில்லை.

நீவெஸ் கம்பித் தூரிகையால் ஒவ்வொரு கல்லாகக் கிளறி எடுத்துச் சோலைக் கழுவினாள். மாட்டித் திருகினாள். கோட்டுக்கு முன்பே திறந்தது. அதே கற்களை மறுபடி அடைத்தாள். திறக்கவில்லை. மறுபடி கழுவினாள். மறுபடி அடைத்தாள். ஸ்பிரிங் விடத் தயார்தான். கல்லும் ரப்பருமாகச் சேர்ந்து பூட்ஸின் முனை பலகையைக் கவ்விக்கொண்டு, நகர விடாமல் செய்கிறது. ஊரில் அத்தனை பேரும் மலையேறும் பூட்ஸ் தைத்த குடும்பத்திலிருந்து வந்தவர்கள். சோல் வழுக்கினால் மானம் போய்விடும் என்று நினைத்தே வளர்ந்தவர்கள். வழுக்க வேண்டிய இடத்திலும் வழுக்காமல் செய்துவைத்திருக்கிறார்கள். அவளும்தான்.

அழுகை வரும் என்று நினைத்தாள். வந்தது ஓட்டம். ஒரு கையில் பூட்ஸும் ஒரு கையில் கல்லுமாக முதலாளியின் வீட்டுக்கு ஓடினாள்.

ஒத்தோரீனோ சாப்பாட்டு மேசையில் இருந்தார். எழுபது வயதை நெருங்கிய கனத்த மனிதர். அவள் மூச்சுவாங்கச் சொன்னதையெல்லாம் பொலெந்தாக் களியைக் கத்தியால் கீறிக்கொண்டே கேட்டார். கல்லை வாங்கி உருட்டிப் பார்த்தார். முனையில் ரப்பர் வேண்டாம், வழுவழுப்பான கெட்டிப் பிளாஸ்டிக் வைக்கலாம் என்று அவள் சொன்னதும் கத்தி நின்றது.

"எங்கப்பா மலைப் படைக்குப் பூட்ஸ் தைச்சவரு. அதைப் போட்டுக்கிட்டு ஒருத்தன் வழுக்கினான்னு யாராவது சொல்லச் சொல்லு பாப்போம். நீ என்னடான்னா என் பூட்ஸுக்கு அடியில பனிக்கட்டிய வெக்கச் சொல்ற."

"முனையில மட்டும்தான் முதலாளி."

"முனையில வழுக்கினா மூக்குல அடிபடும்."

ஆனாலும் அவர் ஆஸ்பத்திரியில் தனீலோவின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தவர். கிறிஸ்துமஸுக்கு முன்பு பேப்பி புது மாடலுக்கான அச்சை எஃகில் வெட்ட ஆரம்பித்துவிடுவான், அதுவரை என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்றார். பேப்பி அச்சு வெட்டுகிறவன். அவன் எஃகில் உளியை வைத்துவிட்டால் அப்புறம் கடவுளே வந்தாலும் மாற்ற முடியாது. ஐந்து வருடத்துக்கு அதே சோல்தான். அந்தச் சோலில் எத்தனை ஆயிரம் கால்கள்.

அன்றிலிருந்து நீவெஸுக்குச் சோறு தண்ணீர் நினைவில்லை. முதலில் அவசரப்பட்டு முழுச் சோலையும் வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் செய்தாள். கம்யூனிஸ்டின் காலில் அது அற்புதமாக வேலை செய்தது. கல் ஒட்டவில்லை, சேறு ஒட்டவில்லை, தொட்டதும் கவ்வி விட்டது. ஒத்தோரீனோவுக்கே ஆசை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், யாரிடமும் சொல்லாமல், அதை மாட்டிக்கொண்டு எல்தாவின் கடைக்குப் போனார். அப்போதுதான் எல்தா தரையைத் துடைத்திருந்தாள். உள்ளே மூன்று போட்டிப் பட்டறை முதலாளிகள் இருந்தார்கள். ஒத்தோரீனோ வாசலில் தொப்பியை எடுத்து வணக்கம் சொன்னார். அடுத்த நொடி தொப்பி மட்டும்தான் மேலே இருந்தது.

எல்தா ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அவரைத் தூக்கி உட்காரவைத்தபடி, "என்ன ஒத்தோரீனோ, பூசையில இன்னும் முட்டி போட்டு முடியலையா?" என்றாளாம். அன்று சாயங்காலத்துக்குள் அந்த வாக்கியம் ஊரின் கடைசி வீடு வரை போய்ச் சேர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை பட்டறையில் ஒத்தோரீனோ உட்காரவில்லை, உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே பேப்பிக்குப் போன் செய்து பழைய சோலையே வெட்டு என்று சொல்லிவிட்டார். பேப்பி எஃகுக் கட்டி வருவதற்கே பத்துப் பதினைந்து நாள் ஆகும் என்றான். அந்த நாட்கள்தான் நீவெஸுக்கு மிச்சம்.

அவள் எல்தாவின் கடைக்குப் போனாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனாள், ஆனால் எல்தா தரை துடைக்கும் துணியைக் கையில் கொடுத்துவிட்டாள். உங்க பட்டறைக்காரங்க போட்ட கறையை நீயே துடை என்றாள். நீவெஸ் குனிந்தாள். ஈரத் தரையில் பூட்ஸ் தடங்கள். குதிகாலுக்கு ஒரு கறுப்பு அரைவட்டம், பாதத்தின் நடுவே ஒரு கறுப்புப் பட்டை. முனையில் ஒன்றுமே இல்லை. துணியை விட்டுவிட்டு மேசைக்கடியில் தவழ்ந்தாள். எல்லாத் தடத்திலும் அப்படித்தான். கணுக்கால் மடங்காத அந்தக் கெட்டி பூட்ஸைப் போட்டுக்கொண்டு எவனும் முனையை ஊன்றி நடப்பதில்லை. வாத்துபோலக் குதிகாலிலும் நடுப்பாதத்திலும்தான் உருண்டு போகிறான்.

"எல்தா, இதைத் துடைக்காதீங்க."

"துடைக்கிறது நீதானேம்மா."

அங்கேயே ஒரு காகித நாப்கினை விரித்து வரைந்தாள். குதிகாலில் ரப்பர், நடுவில் ரப்பர், நடக்க. முனையில் மட்டும் பள்ளமே இல்லாத கெட்டிப் பிளாஸ்டிக் தகடு, ரப்பரைவிட ஒரு நகக்கண் உயரே, மண்ணைத் தொடாதபடி. பலகையில் அந்தத் தகடு உட்காரும் இடத்தில் அதே மாதிரி இன்னொரு வழுவழுப்பான தகடு. இவ்வளவுதான். இவ்வளவு எளிதாக இருந்துவிட்டதே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வாரத்தில் கையாலேயே அறுத்து ஒட்டி ஒரு ஜோடி செய்துவிட்டாள். அவள் கால் அளவுக்கே செய்தாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு காரணம் கேட்டபோது எல்லாருக்கும் தூக்கிவாரிப் போட்டது. நெவெகாலில் முதல் பனி விழுந்திருந்தது. பட்டறையின் சோதனைக்காரர்கள் இரண்டு பேர் தயாராகத்தான் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு விழத் தெரியவில்லை. வேண்டுமென்றே விழச் சொன்னால் பூனைபோல உருண்டு எழுந்துவிடுகிறார்கள். தனீலோ விழுந்தது வேறு விதம். மெதுவாக, முட்டாள்தனமாக, எடையெல்லாம் முனையில் இருக்க, கால் முறுக. அப்படி விழுவது அந்தப் பட்டறையில் ஒரே ஒரு ஆளுக்குத்தான், நீவெஸுக்குத்தான், இயற்கையாகவே வரும்.

ஒத்தோரீனோ முதலில் கண்டிப்பாக முடியாது என்றார். அவங்க வீட்டுல ஒரு கால் போனது போதும் என்றார். பிறகு, அவள் தன்பாட்டுக்குப் பூட்ஸை மாட்டிக்கொண்டு எல்தாவின் முற்றத்தில் சரளைமேல் மிதித்து மிதித்து நடப்பதைப் பார்த்துவிட்டு, காரின் கதவைத் திறந்துவிட்டார். எல்தா கடை வாசலில் நின்றபடி, காபியிலே இன்னைக்குச் சாராயம் கொஞ்சம் தூக்கலாத்தான் ஊத்தினேன் என்று சொன்னாள்.

மலையடிவாரத்தில், தம்பி விழுந்த அதே மேட்டில், நீவெஸ் நின்றாள். கீழே ஒத்தோரீனோ. அவருக்குப் பக்கத்தில் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டபடி பேப்பி. எஃகுக் கட்டி முந்தின நாள்தான் வந்து இறங்கியிருந்தது. நீவெஸுக்கு இடது கால் எலும்புக்குள் ஏதோ முன்கூட்டியே வலித்தது. வேண்டாம் என்று திரும்பியிருக்கலாம். அதற்குள் பலகைகள் தாமாகவே நகர ஆரம்பித்துவிட்டன.

நாலடி. ஐந்தடி. இடது பலகையின் விளிம்பு பனியில் மாட்டியது. உடம்பு வலப்பக்கம் திரும்பியது, மெதுவாக, நிதானமாக யோசிக்க நேரம் இருக்கிற அளவுக்கு மெதுவாக. முழங்கால் முறுகத் தொடங்கியது. இதுதான், இப்போதுதான், என்று நினைத்தாள்.

டக்.

முகம் பனிக்குள் இருந்தது. கால் இரண்டும் மேலே இருந்தன. இடது காலை ஆட்டிப் பார்த்தாள், ஆடியது. பலகை தனியாக, அவளை மறந்துவிட்டு, சரிவில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. பேப்பி அதைத் துரத்தி ஓடினான்.

"இன்னொரு தடவை" என்று கத்தினாள் நீவெஸ்.

இன்னொரு தடவை விழுந்தாள். வலது கால் முறுக விழுந்தாள். பின்னால் சாய்ந்து விழுந்தாள். சோலில் சேற்றை அப்பிக்கொண்டு விழுந்தாள். ஒவ்வொரு தடவையும் அந்த டக். சறுக்கப் பழக வந்திருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, அவள் ஏறும்போதெல்லாம் கைதட்டினார்கள். ஒரு வாண்டு, "அந்த அத்தைக்கு யாராவது சொல்லிக் குடுங்களேன்" என்று ஆசிரியரிடம் கெஞ்சியது. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்ததாலேயே ஒரு தடவை விழுந்தாள், அதற்கும் கவ்வி விட்டது. உடம்பெல்லாம் கன்றிப்போய், தலைமுடியில் பனி உறைந்து, பொழுது சாயும் நேரத்தில் கீழே வந்தபோது ஒத்தோரீனோ அவளுடைய இரண்டு கால்களையும் குனிந்து தட்டிப் பார்த்தார், குதிரை வாங்குகிறவரைப் போல. பிறகு பேப்பியிடம் திரும்பினார்.

"இவ வரைஞ்சதை வெட்டு."

பேப்பி வெட்டினான். அந்தச் சோலோடு போன பூட்ஸ் முதல் வருடம் சுமாராகத்தான் விற்றது. முனை வழுக்கும் பூட்ஸ் என்று போட்டிக்காரர்கள் சிரித்தார்கள். இரண்டாம் வருடம் சிரிப்பு குறைந்தது. மூன்றாம் வருடம் எல்தாவின் கடையில் காலை நீட்டி உட்கார்ந்தவர்களின் பூட்ஸ் முனையில் எல்லாம் ஏதோ ஒரு தகடு மினுங்கியது. நீவெஸ் தொடர்ந்து சோல் வரைந்தாள். கல்யாணம் செய்துகொண்டாள், செய்துகொண்டவன் பனியைக் கண்டால் ஓடுகிற மீன் வியாபாரி. புது மாடல் வரும்போதெல்லாம் ஒருநாள் மலைக்குப் போய் விழுந்துவிட்டு வருவாள். விழுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்று ஊரில் பெயர்.

தனீலோவிடமிருந்து கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும். நலம், வெயில் அதிகம், ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது, இப்படி. பனி என்ற சொல் அதில் ஒரு தடவையும் வந்ததில்லை. அவளும் எழுதவில்லை. ஒவ்வொரு வருடமும் எழுத உட்காருவாள், தகட்டைப் பற்றி ஒரு வரி எழுதுவாள், அது மன்னிப்பா பெருமையா என்று அவளுக்கே தெரியாமல் கிழித்துவிடுவாள்.

எண்பத்து மூன்றாம் வருடம் ஜூலை. மொந்தேபெல்லூனா கொதித்துக்கொண்டிருந்தது. குளிர்காலத்துக்கான பூட்ஸ் செய்கிற மும்முரத்தில் பட்டறையின் எல்லா ஜன்னலும் திறந்திருந்தன. அலுவலக அறையில் டெலெக்ஸ் கருவி கடகடவென்று அடிக்க ஆரம்பித்தது. ஜூலையில் குளிர்காலமாக இருக்கும் மெல்போர்னில், அவர்கள் பூட்ஸை வாங்கி விற்கும் கடையிலிருந்து ஆர்டர். இத்தனை ஜோடி, இன்ன அளவு, இன்ன நிறம். எல்லாம் முடிந்த பிறகும் கருவி நிற்கவில்லை. கடைக்காரரைக் கெஞ்சி யாரோ கடைசியில் சேர்த்திருந்தார்கள். அலுவலகப் பெண் காகிதத்தைக் கிழித்து, ஒன்றும் புரியாமல், நீவெஸின் மேசைக்குக் கொண்டுவந்தாள்.

"நீவெஸுக்கு. பள்ளிக்கூடத்துல பொண்ணைப் பனி மலைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. நானும் கூடப் போனேன், பயந்துக்கிட்டே. என் கண்ணு முன்னாடி விழுந்தா, நான் விழுந்த மாதிரியே, மெதுவா. கால் முறுகிச்சு. டக்னு சத்தம். எலும்புன்னு நெனச்சேன். பலகை மட்டும் தனியா ஓடுது, அதுக்குத்தான் அழறா. பூட்ஸைக் கழட்டித் திருப்பிப் பாத்தேன். உன் கைதான்னு தெரிஞ்சுபோச்சு. விடவும் கத்துக்கிட்டியே. எனக்கும் ஒரு ஜோடி அனுப்பு. இடது கால் குட்டை, மறந்துடாத. தனீலோ."